பச்சைக் குரல்

புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் எழிலரசி முதலில் விதிகளைத்தான் சொல்வாள். அழுதுகொண்டே வருகிறவர்களிடமும் அப்படித்தான். தண்ணீர் கொடுப்பாள், அழுகை அடங்கக் காத்திருப்பாள், அதன் பிறகு விதிகள். ஆற்றில் இறங்க வந்தவரிடம் எங்கே ஆழம், எங்கே சுழல் என்று சொல்லாமல் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. திருச்சி புத்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அவளுடைய ஆலோசனை அறை இருந்தது. பல வருடங்களாக அதே அறை, அதே விதிகள். நடுவில் வந்து சேர்ந்தது செவி மட்டும்தான்.

பிரிட்டோ அழுதுகொண்டு வரவில்லை. மழித்த முகம், தேய்த்த சட்டை, மடியில் கோத்த கைகள். பொன்மலையில் ரயில்வே குடியிருப்பு, மெயில் வண்டி ஓட்டும் லோகோ பைலட் வேலை என்று தன்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். வண்டி எடுக்கும் முன் வழித்தட அறிவிப்புகளைக் கேட்டுக்கொள்கிறவரைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“இந்த ரூமுல நீங்க பேசறது இந்த ரூமோட இருக்கும்,” என்று எழிலரசி தொடங்கினாள். “உங்க வீட்டுல கேட்டாலும் ஆபீஸ்ல கேட்டாலும், நீங்க இங்க வர்றீங்களான்னுகூட நான் சொல்ல மாட்டேன். வெளியில கடைத்தெருவுல பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். நீங்களா சிரிச்சா சிரிப்பேன். அவ்வளவுதான். வர முடியலைன்னா முதல் நாளே சொல்லிடுங்க. போன்ல நேரம் மாத்திக்கறதோட சரி, மத்ததெல்லாம் இங்க வந்துதான். எனக்கும் உங்களுக்கும் இந்த உறவைத் தவிர வேற உறவு கிடையாது. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன், கோவிச்சுக்கக் கூடாது. எப்ப வேணா நிறுத்திக்கலாம். ஆனா சொல்லாம நின்னுடாதீங்க. முடிக்கறதுக்குன்னு ஒரு தடவை வந்து உட்கார்ந்துட்டுப் போகணும்.”

பிரிட்டோ தலையசைத்தார். “எங்களுக்கும் ரூல் புத்தகம் உண்டு மேடம். டிரெயினிங்ல சொல்லுவாங்க, ஒவ்வொரு ரூலும் யாரோ செத்ததுக்கு அப்புறம் எழுதினதுன்னு.”

“எங்களுதும் அப்படித்தான்.”

“இதுதானே அது?” மேசையைக் காட்டினார்.

சுண்ணாம்பு டப்பா அளவில், சாம்பல் நிறத்தில், நெற்றியில் ஒரு சின்ன விளக்குடன் செவி இருந்தது. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் வைத்த பெயர் செவி.

“இதுதான். நீங்க என்ன சொல்றீங்கன்னு இதுக்குத் தெரியாது. எப்படிச் சொல்றீங்கன்னு மட்டும் பார்க்கும். வார்த்தைக்கு வார்த்தை விழற இடைவெளி, மூச்சு, குரல்ல இருக்கற நடுக்கம். உயிர் வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க குரல்ல ஏதோ ஒண்ணு மாறுமாம். நம்ம காதுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். பச்சைன்னா பயமில்ல. மஞ்சள்னா நான் கவனமா இருக்கணும்.”

“சிவப்பு?”

“சிவப்புன்னா என் கையில ஒண்ணும் இல்ல. தானா மாவட்ட மையத்துக்குத் தகவல் போயிடும். வண்டி வரும். காப்பகத்துல வெச்சுப் பார்த்துக்குவாங்க.”

“திரும்பி வந்தா எஞ்சின் தருவாங்களா?”

எழிலரசி பொய் சொல்வதில்லை. “பஸ், ரயில், ஆம்புலன்ஸ் ஓட்டறவங்களுக்குத் தர மாட்டாங்க. ஆசிரியர்கள், டாக்டர்களுக்கும் லைசென்ஸ் போயிடும்.”

“அப்ப சரி,” என்றார் பிரிட்டோ. “தெரிஞ்சுக்கிட்டா நல்லது.”

செவி வந்த புதிதில் ஆலோசகர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை ஆதரித்துப் பேசியவள் எழிலரசி. அது வந்த பிறகு சாவுகள் குறைந்தன, பொய்யில்லை. ஆனால் ஜனங்கள் செவிக்கு ஏற்றபடி மாறவும் செய்தார்கள். வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வாக்கியங்களை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தில்லை நகரில் ஒருவர் ‘தெளிவான பேச்சு’ என்ற பெயரில் வகுப்பே எடுத்தார். பேசுகிறவர்கள் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் விளக்கைப் பார்த்துக்கொண்டார்கள். எழிலரசியும் பார்த்தாள்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் பிரிட்டோ நடந்ததைச் சொன்னார். அரியலூரைத் தாண்டி ஒரு வளைவு. சாயங்கால வெளிச்சம். வளைவு திரும்பியதும் தண்டவாளத்தின் நடுவே ஒருவர் வெள்ளைச் சட்டையில் நின்றார். ஹாரன் அடித்தும் நகரவில்லை.

“எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அந்த வேகத்துல வண்டி நிக்கறதுக்கு ரொம்ப தூரம் வேணும். கண்ணை மூடிக்கன்னு சீனியர்ங்க சொல்லுவாங்க. நான் மூடல. வண்டி நின்னுது. கன்ட்ரோலுக்குச் சொன்னேன். இறங்கிப் பார்த்தேன். மறுபடி வண்டிய எடுத்தேன். விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன்.”

விளக்கு பச்சையாகவே இருந்தது. துளி அசையவில்லை.

எழிலரசி விளக்கிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். இப்படிப்பட்ட ஒன்றை இப்படிப்பட்ட குரலில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, மூச்சுகூட வாக்கியம் முடிகிற இடத்தில் அளந்து விழுந்தது.

“இந்தக் குரல்லதான் எப்பவும் பேசுவீங்களா பிரிட்டோ சார்?”

முதல் முறையாக அவர் லேசாகச் சிரித்தார். “கண்டுபிடிச்சிட்டீங்க. இது கேபின் குரல் மேடம். வர்ற சிக்னல் ஒவ்வொண்ணையும் நான் சத்தமா சொல்லணும், அசிஸ்டென்ட் திருப்பிச் சொல்லணும். தூக்கம் வராம இருக்க, தப்பு நடக்காம இருக்க. அதுல உணர்ச்சி இருக்கக் கூடாது. இருந்தா கேட்கறவன் தடுமாறுவான். இருபது வருஷமா சொல்லிச் சொல்லி அது தனிக் குரலாவே ஆயிடுச்சு. அந்தக் குரல்ல என்ன வேணா சொல்லலாம். எங்கப்பா செத்ததையே அப்படித்தான் சொல்லி லீவு கேட்டேன்.”

“இங்க அது வேண்டாமே.”

அவர் செவியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “வேற குரல்ல பேசினா என்ன ஆகும்னு நீங்கதானே மேடம் முதல் நாள் சொன்னீங்க?”

எழிலரசியும் விளக்கைப் பார்த்தாள். பச்சை.

பச்சை பொய் சொல்லும் என்பது எழிலரசிக்குத் தெரியாத விஷயமல்ல. முந்திய வருடம் நர்சிங் படிக்கும் ஒரு பெண் அவளிடம் வந்துகொண்டிருந்தாள். கலகலவென்று பேசுவாள். ஒரு நாள்கூட மஞ்சள் விழுந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்தி வந்தது. மாவட்ட மையத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். “கடைசி வரைக்கும் பச்சைதான் மேடம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நிம்மதியா இருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பீம நகரில் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எழிலரசி எதிர்ச்சாரியில் நின்றாள். உள்ளே போக முடியாது. போனால் யார் என்று கேட்பார்கள்; சொன்னால் அந்தப் பெண் எங்கே போய்வந்தாள் என்பது தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இறந்துபோனதால் அந்த வாக்கு காலாவதியாகிவிடுமா? பெண்ணின் தாய் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எழிலரசி மேல் விழுந்து, நிற்காமல் கடந்து போனது. அவள் நின்றிருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை வாசல். “என்னக்கா வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார். எழிலரசி பையைத் துழாவி, ஆதார் அட்டையை எடுத்து நீட்டி, ஒரு நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் வழக்கம்போல அறையைத் திறந்தாள்.

தன் பாரத்தை இறக்கி வைக்க அவளுக்கும் ஒரு மூத்த ஆலோசகர் இருந்தார், கன்டோன்மென்ட்டில். ஆனால் அவர் மேசையிலும் செவி இருந்தது. சிவப்பு விழுந்தால் லைசென்ஸ் போகும். வந்துகொண்டிருக்கும் இத்தனை பேர் எங்கே போவார்கள்? கணவரைப் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அண்ணன் கனடாவில். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது சில நாட்களில் ஒரு நினைப்பு வரும்: நாளைக்குத் திறக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அதைக் களைப்பு என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டாள்.

பிரிட்டோவின் மனைவி ஏஞ்சலின் ஒரு மத்தியான வேளையில் படியேறி வந்தாள். பள்ளி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள்; அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அவர் இங்க வர்றாருன்னு எனக்குத் தெரியும் மேடம். நான்தான் போகச் சொன்னேன்.”

“யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க சொல்ல வந்ததைச் சொல்லலாம், கேட்டுக்கறேன்.”

ஏஞ்சலின் கொஞ்ச நேரம் அடையாள அட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் பெரிசா இல்ல. எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுக்கறாரு. சிலிண்டர் எப்படி மாத்தறது. மோட்டார் ஏர் லாக் ஆனா எங்க திறந்து விடணும். மாடித் தொட்டி கழுவ யாரைக் கூப்பிடணும், அவர் வராட்டி அடுத்து யாரு. ஸ்கூட்டர்ல ஆயில் எப்ப மாத்தணும். கோபமே இல்ல. முன்னெல்லாம் நான் பல்பு மாத்தக் கேட்டாக்கூட சலிச்சுக்குவாரு. இப்ப பக்கத்துல நிக்க வெச்சு, நான் சரியாச் செய்யற வரைக்கும் பொறுமையா...” நிறுத்தினாள். “டியூட்டி முடிஞ்சு இறங்கும்போது அடுத்த டிரைவர்கிட்ட வண்டிய ஒப்படைப்பாங்க மேடம். நான் பார்த்திருக்கேன். அப்படித்தான் இருக்கு.”

எழிலரசி எழுந்து அவளருகே வந்தாள். “நீங்க வந்ததை நான் மறைக்க மாட்டேன்,” என்றாள். “அதுவும் எங்க விதி. ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு, தெரியாத மாதிரி உட்கார மாட்டேன்.”

“சொல்லிடுங்க. என் மேல கோவப்பட்டாலும் பரவாயில்ல. கோவப்படட்டும். அதையாவது பார்க்கறேன்.”

அவள் போன பிறகு எழிலரசி மாவட்ட மையத்துக்குப் பேசினாள். பெயர் சொல்லாமல், ஒருவர் ஆபத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

“செவி என்ன காட்டுது மேடம்?”

“பச்சை.”

“பச்சைன்னா அப்புறம் என்ன? எங்களால ஒண்ணும் பண்ண முடியாதே. மனுஷங்க ஊகிச்சுத் தப்பா பிடிச்சுக்கிட்டு வந்துடக் கூடாதுன்னுதானே இதைக் கொண்டுவந்ததே? நீங்களே கூட்டத்துல பேசினீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு.”

பிரிட்டோ அடுத்த முறை வந்ததும், அவர் உட்காரும் முன்பே எழிலரசி சொல்லிவிட்டாள்: ஏஞ்சலின் வந்தாள், இன்னின்னது சொன்னாள்.

அவர் முகம் இறுகியது. குரல் இறுகவில்லை. “நன்றி மேடம். நான் இதோட நிறுத்திக்கறேன்.”

“முடிக்கறதுக்கு ஒரு தடவை உட்காரணும்னு சொன்னேன். அது இதுவா இருக்கட்டும். நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன்.”

வாசலை நோக்கித் திரும்பியவர் நின்றார். விதியை மீறிப் பழக்கமில்லாத மனிதர். வந்து உட்கார்ந்தார்.

எழிலரசி என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலேயே யோசித்து வைத்திருந்தாள். நிதானமான வாக்கியங்கள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

“போன வருஷம் இதே நாற்காலியில ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. பேரு சொல்ல மாட்டேன். நல்லாச் சிரிப்பா. கடைசி வரைக்கும் பச்சை. உங்களை மாதிரியே பச்சை. அவ போயிட்டா பிரிட்டோ சார். என் மேல தப்பில்லைன்னு சொன்னாங்க. நிம்மதியா இருங்கன்னு சொன்னாங்க. நான் அவ வீட்டுக்குப் போனேன். உள்ள போகல. எதிர்ல நின்னேன். அவங்க அம்மா என்னைப் பார்த்தாங்க. ஒரு பூ வாங்கிட்டுப் போய் வைக்கக்கூட என்னால முடியல. நான்... நான் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

ஜெராக்ஸ் என்ற சொல்லில் ஒரு சிரிப்பு போல ஏதோ வந்தது. வந்தது நிற்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். அந்த நகல் இன்னமும் பையில் இருக்கிறது, தூக்கிப் போட முடியவில்லை. ராத்திரி சாப்பாட்டை எடுத்து வைத்தால் சாப்பிடத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது, இது கடைசியாக இருந்தால் தேவலை என்று இருக்கிறது. அப்படித் தனக்கு இருக்கிறது என்பதே வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான் அவளுக்கும் தெரிந்தது.

“மேடம்,” என்றார் பிரிட்டோ.

அவர் செவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நெற்றியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

“நான் பேசவே இல்லையே மேடம்! நான் ஒரு வார்த்தைகூட...”

“உங்களைச் சொல்லல பிரிட்டோ சார்,” என்றாள் எழிலரசி. கண்ணீரைத் துடைக்கவில்லை. “இதுக்குப் பேச வந்தவங்க யாரு, கேட்க உட்கார்ந்திருக்கறவங்க யாருன்னு தெரியாது. குரல்தான் தெரியும். என்னைச் சொல்லுது.”

அவர் எழுந்து செவியைக் கையில் எடுத்தார். ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணையவில்லை.

“வெச்சுடுங்க. தகவல் போயிருக்கும். நீங்க கிளம்புங்க. அவங்க வரும்போது நீங்க இங்க இருந்தா, இங்க வர்றவர்னு தெரிஞ்சுடும். உங்க வேலைக்குத்தான் வம்பு.”

“தப்பாக் காட்டுதுன்னு சொல்லுங்க மேடம். மெஷின்தானே.”

எழிலரசி யோசித்துப் பார்த்தாள். “தப்பாக் காட்டல,” என்றாள்.

பிரிட்டோ கிளம்பவில்லை. பிடுங்கிய ஒயரைச் சுருட்டிச் சுருட்டி மேசையில் வைத்தார். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளைப் படித்துக்காட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடி. வெளிர்நீலச் சீருடையில் ஒரு பெண்ணும் பின்னால் ஒரு ஆளும் வந்தார்கள். முரட்டுத்தனம் எதுவும் இல்லை, பழகிப்போன கனிவு.

“யாருக்கும்மா சிவப்பு விழுந்தது? உங்களுக்கா? வாங்கம்மா, பயப்படாதீங்க. கூட யாரு வர்றீங்க? சொந்தக்காரங்க யாராவது இருக்கணும்.”

பிரிட்டோ ஒரு எட்டு முன்னால் வந்தார்.

“நான் வர்றேன்,” என்றார் பிரிட்டோ.

“உறவு?”

“தம்பி.” யாருக்கும் சந்தேகம் வராத கேபின் குரலில் சொன்னார்.

எழிலரசி மறுத்துப் பேச வாயெடுத்தாள். எனக்கும் உங்களுக்கும் வேறு உறவு கிடையாது என்று முதல் நாள் சொன்னவள் அவள்தான். ஆனால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

காப்பகம் புதுக்கோட்டைச் சாலையில் ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. எழிலரசி அங்கே பல பேரை அனுப்பியிருக்கிறாள், உள்ளே வந்ததில்லை. பூட்டும் கம்பியுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நீளமான ஓட்டுக் கட்டடம், வேப்ப மரங்கள், சிமென்ட் பெஞ்சுகள். வந்ததும் தூங்கினாள். எழுந்து கஞ்சி குடித்தாள், மறுபடி தூங்கினாள். அப்படி எத்தனை பொழுது போனது என்று அவளுக்குக் கணக்கில்லை. தெளிந்த பிறகு டாக்டர் வந்து கேட்டார். தனக்கு இருந்த நினைப்பை அவள் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் மேசையில் எதையோ தேடினாள். அது இல்லை.

வெளியே வந்து நர்ஸ் ஜெயக்கொடியிடம் கேட்டாள். “இங்க ஏம்மா செவி இல்ல?”

“இங்க எதுக்கு மேடம்?” ஜெயக்கொடி மாத்திரைத் தட்டிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள். “இங்க இருக்கறவங்க எல்லாரும் ஏற்கெனவே சிவப்புதானே. எந்த ரூமுலயும் கிடையாது. மரத்தடியிலயும் கிடையாது.”

பார்வையாளர் நேரம் வந்தது. வாசலைத் திறந்ததும் ஜனங்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். ஆபீஸ் உடுப்பிலும் சீருடையிலும் சிலர், கையில் பழப்பையும் பன்னுமாகப் பலர். இத்தனை கூட்டத்தை எழிலரசி எதிர்பார்க்கவில்லை. இங்கே அனுப்பப்பட்டவர்களை ஊர் மறந்துவிடும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள்.

“பாசமான ஜனங்கதான்,” என்றாள்.

“நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்,” என்றாள் ஜெயக்கொடி. “நல்லாப் பாருங்க.”

எழிலரசி பார்த்தாள். வேப்ப மரங்களின் கீழே ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெஞ்சில் போலீஸ் உடுப்பில் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். காப்பகச் சட்டை போட்ட முதியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த பெஞ்சில் கல்லூரிப் பெண் ஒருத்தி தேம்பித் தேம்பி எதையோ சொல்ல, அவளுடைய சித்தியோ அத்தையோ, காப்பகச் சட்டையில், அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாப் பெஞ்சிலும் பேசியது வந்தவர்கள். கேட்டது இருந்தவர்கள்.

“சொந்தமே இல்லாதவங்ககூட சொந்தம்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க,” என்றாள் ஜெயக்கொடி. “நாங்க கேட்டுக்கறதில்ல.”

பிரிட்டோ வந்தார். ஏஞ்சலினும் கூட வந்திருந்தாள். அவள் தண்ணீர்க் குழாய் பக்கமே நின்றுகொண்டு, நீங்கள் போங்கள் என்று கையசைத்தாள். அவர் ஆரஞ்சுப் பையை நீட்டினார். தூக்கமில்லாத கண்கள்.

“நீங்க நல்லாருக்கீங்களா மேடம்?”

“தூங்கறேன். உட்காருங்க.” அவர் உட்கார்ந்ததும் சொன்னாள், “இங்க செவி கிடையாது.”

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். குனிந்து பெஞ்சுக்கு அடியிலும் பார்த்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார்.

“நான் இப்ப உங்க ஆலோசகர் இல்ல,” என்றாள் எழிலரசி. “லைசென்ஸ் போயிடுச்சு. சொல்றதுக்கு என்கிட்ட விதி ஒண்ணும் இல்ல.”

“அந்தாளு...” என்று பிரிட்டோ தொடங்கினார். அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. மெலிந்து, திக்கி, சிறு பையனுடையதைப் போல இருந்தது. “அந்தாளு சும்மா நிக்கல மேடம். நான் உங்ககிட்ட சும்மா நின்னான்னு சொன்னேன். விசாரணையிலயும் அப்படித்தான் சொன்னேன். அவன்... வண்டி பக்கத்துல வந்ததும் அவன் கையைத் தூக்கினான். இப்படி. நிறுத்தச் சொல்லி. சாகத்தான் வந்திருப்பான். ஆனா கடைசியில வேண்டாம்னு ஆயிடுச்சு அவனுக்கு. கால் நகரல போல. கையைத்தான் தூக்க முடிஞ்சுது. என்னைப் பார்த்து, என் கண்ணைப் பார்த்து, நிறுத்துன்னான் மேடம். பிரேக்க அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். அதுக்கு மேல போட என்கிட்ட பிரேக் இல்ல. என்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

தோள்கள் குலுங்கின. ஆரஞ்சு ஒன்று உருண்டு மண்ணில் விழுந்தது. எழிலரசி அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடங்களில் தன்னிடம் வந்த எவர் கையையும் அவள் தொட்டதில்லை.

“அந்தக் கை இப்பவும் தெரியுதா?”

“சோறு பிசையும்போது தெரியுது. யாராவது டாட்டா காட்டினா தெரியுது. அந்தக் கைக்கு ஒரு பதில் சொல்லணும்னு இருக்கு மேடம். அவன் நின்ன இடத்துல போய் நின்னாதான் சொல்ல முடியும்னு தோணுது. தினமும் தோணுது. அந்த வளைவு வரும்போதெல்லாம் தோணுது.”

பச்சைக்குப் பின்னால் இருந்தது இதுதான். எழிலரசி பதறவில்லை. அவரும் அதைச் சொல்லிவிட்ட பிறகு, மூட்டையை இறக்கியவர் நிற்பதைப் போலக் கொஞ்சம் தள்ளாடி, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அடுத்து எப்ப வண்டி?”

“எடுக்கல. எஞ்சின் ஷெட் வேலைக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். முதுகு வலின்னு எழுதிக் குடுத்தேன். முதுகு வலிக்கு உடனே குடுத்துட்டாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த வாரமும் வரலாமா மேடம்?”

“தம்பி வர்றதுக்கு யாரைக் கேட்கணும்?” என்றாள். பிறகு மெதுவாக, “ஏஞ்சலினுக்கு இது தெரியுமா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“சொல்லலாமா? இங்கயே. நான் பக்கத்துல இருக்கேன்.”

பிரிட்டோ குழாயடியைப் பார்த்தார். ஏஞ்சலின் தங்கள் பக்கம் பார்க்காமலிருக்கப் பெரும்பாடுபட்டு, ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் எழவில்லை. எழிலரசியின் பிடியிலிருந்து வலது கையை மெல்ல விடுவித்து மேலே தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. தன் கையையே அவர் யாருடையதையோ போலப் பார்த்தார்.

அவர் கையை இறக்கவில்லை.

ஏஞ்சலின் பார்த்துவிட்டாள். குச்சியைப் போட்டுவிட்டு, வெயிலில் வேகமாக அவர்களை நோக்கி நடந்து வந்தாள்.